குப்பி இருபத்தொன்பது

இன்றைக்கு நாற்பது குப்பிகள்.
வெந்நீர்த் தொட்டி முப்பத்தொன்பது டிகிரியில் நிலைகொண்டதும்
நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
நாற்காலியை இழுத்துப் போடுகிறாள் ஹெட்விக்.
வெளியே ஆர்ஹூஸில் ஜனவரி.
சைக்கிள் இருக்கைகளில் பனி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

குப்பிக்கு ஒரு பழ ஈ.
அதன் கால் கண்ணாடியைக் கைவிடும் கணத்தை எழுத வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.

இடப்பக்கம் இருபதும் பதினேழாம் வரிசை.
இருபது தலைமுறையாக
அண்ணனுக்குத் தங்கையைக் கட்டிவைத்த வம்சம்.
கட்டிவைத்தவளும் ஹெட்விக்தான்,
மெல்லிய தூரிகையால், ஜாதகம் பார்க்காமல்.
எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்
கணக்கு எளிது என்று அப்போது சொன்னார்கள்.
எளிதுதான்.
ஒருத்தியின் குறை அத்தனை பேருக்கும் சீதனம்.

வலப்பக்கம் இருபதும்
ஃபூன் தீவில் ஐனரின் தோட்டத்துக் கூட்டம்.
செப்டம்பரில் அழுகிய ப்ளம் பழங்களோடு
ஒரு பெயின்ட் வாளியில் வந்தவற்றின் வழிவந்தவை.
யாருக்கு யார் அப்பன் என்று
கேட்கவும் முடியாது, சொல்லவும் ஆளில்லை.

ஏழாம் நிமிடம், இடப்பக்கம் ஒன்று மல்லாந்தது.
எட்டில் நான்கு.
ஒன்பதில் பேனா பின்தங்கிவிட்டது.
பத்தரைக்குள் இருபதும்
சொல்லிவைத்தாற்போல.

வலப்பக்கத்தில் அந்த ஒழுங்கு இல்லை.
மூன்றாம் நிமிடத்திலேயே விழுந்துவிட்டான் ஒருவன்,
குப்பி இருபத்தொன்பது,
பதினேழாம் வரிசைக்கும் முன்னால்!
ஹெட்விக் சிரித்துவிட்டாள்.
பதினொன்றில் ஒன்று, பதினான்கில் இரண்டு,
பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை.
காபி ஆறி ஆடை கட்டியது.
நாற்பத்தொன்றாம் நிமிடத்தில்
குப்பி முப்பத்தாறில் ஒருத்தி
இன்னும் சுவரேறிக்கொண்டிருந்தாள்,
சேதி எதுவும் எட்டாதவள் போல,
நடுவில் நின்று முன்னங்கால்களைத் தேய்த்தபடி.

மேலிடம் கேட்பது சராசரி.
இடப்பக்கத்துக்கு ஓர் எண், வலப்பக்கத்துக்கு ஓர் எண்.
எழுதிக் கொடுத்தாள்.
அதில் மூன்றாம் நிமிடமும் இல்லை
நாற்பத்தொன்றாம் நிமிடமும் இல்லை.

மயங்கியவை எழுந்தன. ஆறு நாள் ஓய்வு.
பிறகு அதே ஈக்களுக்குப் பனிக்கட்டி:
பூஜ்ஜியத்தில் நான்கு மணி நேரம்,
வெளியே எடுத்ததும்
எது எப்போது காலூன்றுகிறது என்று பார்ப்பது.

பதினேழாம் வரிசை பதினெட்டாம் நிமிடத்தில் எழுந்தது,
பள்ளிக்கூட மணி அடித்ததுபோல்.
முப்பத்தாறாம் குப்பிக்காரி
அரைமணி நேரம் பக்கவாட்டில் கிடந்தாள்,
ஒரு சிறகு மட்டும் துடித்தது.
முதலில் எழுந்து நின்றவன் யார் என்று
ஹெட்விக் சீட்டை இரண்டு முறை படித்தாள்.
இருபத்தொன்பது.
ஆறாவது நிமிடம்.

அன்று மாலை ஐனர் போன் செய்தார்.
மே மாதத்தில் உறைபனி பூக்களைக் கருக்கியதையும்
ஆகஸ்ட்டில் பழம் கிளையிலேயே வெந்ததையும்
ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கேட்டார்:
என் ஈக்களில் நல்ல ஈ எது, கண்டுபிடித்தாயா?

எந்த நாளுக்கு நல்லது, என்றாள்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எங்கோ ஒரு கதவு கிறீச்சிட்டது.
பிறகு அவர் ஏணி விலையைப் பற்றிப் பேசினார்.

எண்ணி முடித்த ஈக்களைச்
சாராயக் குடுவையில் கொட்டிவிடுவது நடைமுறை.
முப்பத்தெட்டைக் கொட்டினாள்.
மிச்சம் இரண்டையும் ஒரே குப்பியில் விட்டு,
மாவுக்கூழ் கொஞ்சம், ஈஸ்ட் ஒரு சிட்டிகை,
பஞ்சடைத்து
மற்ற குப்பிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.
இம்முறையும் ஜாதகம் பார்க்கவில்லை.

சீட்டில் தேதி எழுதினாள்.
வரிசை எண்ணுக்கான கட்டம் காலி.
விளக்கை அணைத்து இறங்கி
சைக்கிள் இருக்கைப் பனியை
முழங்கையால் துடைத்தாள்.
கீழே ஈரம் இன்னும் உறையவில்லை.